தபால்காரரிடம் கேளுங்கள்: வெஸேர் பள்ளத்தாக்கில் மூன்று நாள்

பிரான்சின் தென்மேற்கில், வெஸேர் ஆற்றங்கரையில், லேஸேஸி என்றொரு சிறு கிராமம் இருக்கிறது. அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன் நான். அதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். விசா, விமானக் கட்டணம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். அதற்கு நான் ஆள் இல்லை.

பிரெஞ்சுக் கிராமத்தில் தமிழர் தபால்காரரா? கதை விடுகிறீர்களா?
– வாசகர், சேலம்

ஊர்க்காரர்களும் முதல் வருடம் இதையேதான் கேட்டார்கள். புதுச்சேரியில் பிறந்தவன் நான். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1962-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பாரிஸில் வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் கேட்காத ஊருக்கு மாற்றல் கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள். இங்கே பல வீடுகளுக்குப் பின்சுவரே கிடையாது. பாறைதான் பின்சுவர். மழைக்காலத்தில் கூடத்துக்குள் பாறை வியர்க்கும். கையெழுத்து வாங்க உள்ளே போனால், அலமாரிக்குப் பின்னால் ஈரமான மலை நிற்கும். அதைப் பார்த்த அன்றே இந்த ஊரில் தங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பத்து நாள் பிரான்ஸ் பயணத்தில் லாஸ்கோ குகை ஓவியங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். போதுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

லாஸ்கோவுக்குப் போதும். ஆனால் நீங்கள் பார்க்கப் போவது லாஸ்கோ அல்ல என்பது தெரியும்தானே?

1940 செப்டம்பரில் மோந்திஞாக் ஊருக்கு மேலே உள்ள காட்டில் ஓர் இளைஞன் பொந்து ஒன்றைக் கண்டான். மார்செல் ரவிதா என்று பெயர். சில நாள் கழித்து மூன்று பையன்களைக் கூட்டிக்கொண்டு அதற்குள் இறங்கினான். அதுதான் லாஸ்கோ, சுவரில் பனி யுக மனிதர் வரைந்த விலங்குகள். 1948-இல் குகையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே போய் மூச்சுவிட்டார்கள். விளக்கு வெளிச்சத்தாலும் மூச்சின் ஈரத்தாலும் கரியமில வாயுவாலும் சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963-இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கதவை மூடச் சொன்னார். மூடியது மூடியதுதான். 1983-இல் பக்கத்திலேயே நிலத்தடியில் ஒரு நகல் கட்டினார்கள். 2016 டிசம்பரில் மலையடிவாரத்தில் இன்னும் பெரிய, முழுமையான நகலைத் திறந்தார்கள். உங்கள் டிக்கெட் அதற்குத்தான்.

நகல் என்பதற்காக நான் மூக்கைச் சுளிக்கவில்லை. பாறையின் ஒவ்வொரு புடைப்பையும் அளந்து செய்திருக்கிறார்கள். உள்ளே குளிர்கூட குகைக் குளிர்தான். ஆனால் வருகிறவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டு, கார் நிறுத்துமிடத்திலிருந்தே திரும்பிப் போய்விடுகிறார்கள். இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி லேஸேஸியில் வேறொரு குகையில் அசல் ஓவியமே இருக்கிறது, ஊரிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். இது தெரியாமல் போகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். ஒரு நாளை மூன்றாக்குங்கள். பாரிஸ் கடைத்தெருவில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அசல் ஓவியம் எங்கேதான் இருக்கிறது? உள்ளே விடுவார்களா?
– வாசகர், மதுரை

விடுவார்கள், ஆனால் எண்ணி எண்ணித்தான். கிராமத்திலிருந்து கிழக்கே சாலையோடு ஒரு கிலோமீட்டர்கூட நடக்க வேண்டாம், ஃபோன் த கோம் குகையின் சீட்டு அறை வந்துவிடும். அங்கிருந்து மேட்டுப் பாதை. பலவண்ணப் பாறை ஓவியங்களை அசலாகவே பார்க்க விடும் குகைகள் பிரான்சில் இன்று அபூர்வம். அவற்றில் இது முக்கியமானது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அன்றன்று காலைதான் சீட்டு கொடுப்பார்கள். நான் தபால் வண்டியில் அந்தப் பக்கம் போகும்போது, போர்வை போர்த்திக்கொண்டு, கையில் காபிக் குடுவையோடு ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும். பிறகு முறை மாறியது. முன்பதிவு விதியை நீங்கள் வரும் ஆண்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் வருவதாக இருந்தால் முதலில் இந்தச் சீட்டை வாங்கிவிட்டுத்தான் விமான டிக்கெட்டே எடுக்க வேண்டும் என்பேன். வீட்டில் என்னை மிகைப்படுத்துகிறவன் என்பார்கள். இதில் மிகை இல்லை.

உள்ளே பையும் கேமராவும் கூடாது. வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அறுபது எழுபது அடிகள் வைத்ததும் குகை குறுகித் தோள் இரண்டு பக்கமும் உரசும். அந்த இடுக்குக்கு ரூபிகோன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால்தான் ஓவியங்கள் தொடங்கும். முதல் நிமிடம் ஒன்றும் தெரியாது. பழுப்புச் சுவர், அதில் மங்கலான கறைகள், அவ்வளவுதான். ஏமாந்துவிட்டோம் என்று தோன்றும். அப்போது வழிகாட்டி கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நகர்த்துவார். கறை இருந்த இடத்தில் ஒரு காட்டெருமை எழுந்து நிற்கும். அதன் தோள் வரையப்பட்டது அல்ல, பாறையின் புடைப்பேதான். வரைந்தவர் முதலில் பாறையில் எருமையைக் கண்டிருக்கிறார். பிறகுதான் வண்ணம் எடுத்திருக்கிறார்.

இன்னும் உள்ளே எதிரெதிராக இரண்டு பனிமான்கள். ஒன்று கரியது, தலை குனிந்து நிற்கிறது. இன்னொன்று செந்நிறம், முன்னங்கால் மடக்கியிருக்கிறது. கரியது மற்றதன் நெற்றியை நக்குகிறது. அந்த நாக்கை வண்ணத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அது கல்லில் கீறிய மெல்லிய கோடு. விளக்கு சரியான கோணத்துக்கு வரும்போது ஒரு கணம் தெரியும், பிறகு போய்விடும். ஐந்தாம் தடவைதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய நான்கு தடவையும் ‘ஆமாம் ஆமாம்’ என்று தலையாட்டியிருக்கிறேன்.

இந்தக் குகை ஊராருக்கு எப்போதுமே தெரிந்த இடம். உள்ளே போய்ச் சுவரில் பெயர் கிறுக்கிவிட்டு வந்தவர்களும் உண்டு. 1901 செப்டம்பரில் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் தெனி பெய்ரோனிதான் கிறுக்கலுக்கு அடியில் இருப்பது என்ன என்று பார்த்தார். அதற்குச் சில நாள் முன்பு அவரும் நண்பர்களும் பக்கத்துக் கொம்பரேல் குகையில் கீறல் உருவங்களைக் கண்டிருந்தார்கள். பனி யுக மனிதனுக்கு ஓவியம் வருமா என்று அதுவரை ஐயப்பட்டுக்கொண்டிருந்த அறிஞர்கள் அதற்குப் பிறகு அடங்கினார்கள்.

வழிகாட்டி இல்லாமல் காட்டுப் பாதையில் நடக்கலாமா? தொலைந்துவிட மாட்டோமா?
– வாசகி, திருநெல்வேலி

தொலைவது கடினம், நானே ஒருமுறை தொலைந்திருக்கிறேன் என்றாலும்.

இங்கே மரத்திலும் கல்லிலும் மின்கம்பத்திலும் பாதைக்குறி தீட்டியிருப்பார்கள். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு பட்டை இருந்தால் அது நெடுந்தூரப் பாதை. லேஸேஸி வழியாக 6, 36 என்ற எண்ணுள்ள இரண்டு பாதைகள் போகின்றன. ஒற்றை மஞ்சள் பட்டை என்றால் ஊரைச் சுற்றி வரும் சின்னப் பாதை, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். பெருக்கல் குறி போட்டிருந்தால் அது உங்கள் வழி அல்ல. இவ்வளவுதான் இலக்கணம். பத்து நிமிடம் நடந்தும் குறியே கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த குறி வரை திரும்பி வாருங்கள். ‘கொஞ்சம் போய்ப் பார்ப்போம்’ என்று நினைக்கிறவர்களைத்தான் பிறகு தேட வேண்டியிருக்கிறது.

நான் தொலைந்த கதை இது. துர்சாக் ஊருக்கு மேலே ஒரு முக்கு. அங்கே திரும்பச் சொல்லும் குறி ஓர் ஓக் மரத்தில் இருக்கும். விடுமுறை நாளில் மச்சானைக் கூட்டிக்கொண்டு போகிறேன், மரத்தைக் காணவில்லை. நேரே போய் ஒரு மணி நேரம் செஸ்ட்நட் காட்டுக்குள் அலைந்து, கடைசியில் ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் போய் விழுந்தோம். அங்கே சுவரோரம் விறகு அடுக்கியிருந்தது. அடுக்கின் நடுவில் ஒரு கட்டையில், சாட்சி சொல்வதுபோல, வெள்ளையும் சிவப்பும். நான் தினம் தபால் கொடுக்கும் வீடு அது. மச்சான் இன்றுவரை இதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

எனக்குப் பிடித்த நடை ஆற்றின் மேல்போக்கில் போவது. லேஸேஸியில் கிளம்பி, துர்சாக் தாண்டி, லா மத்லேன், பிறகு ல முஸ்தியே, கடைசியில் சேன் லெயோன். முழுதாக நடந்தால் ஒரு நாள் ஆகிவிடும், பாதியில் நிறுத்தினாலும் குறையில்லை. லா மத்லேனில் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், பாறையின் இடுப்பில், கைவிடப்பட்ட நடுக்கால ஊர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பனிமான் வேட்டையாடியவர்கள் இருந்த பாறை ஒதுக்கு. ஒரே பாறையில் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. பனி யுகத்தின் பிற்பகுதியில் வாழ்ந்த வேட்டைக்காரர்களின் பண்பாட்டைத் தொல்லியலில் ‘மக்தலேனியன்’ என்கிறார்கள், அதற்குப் பெயர் கொடுத்த இடம் இதுதான். ‘முஸ்தேரியன்’ என்ற நியாண்டர்தால் காலக் கருவி மரபின் பெயர் ல முஸ்தியேயிலிருந்து வந்தது. சின்னக் கிராமம், ரொட்டி வாங்கவே வண்டி எடுக்க வேண்டும். ஆனாலும் உலகம் முழுவதும் பாடப்புத்தகத்தில் அதன் பெயர் இருக்கிறது.

ல முஸ்தியேக்கு எதிரே ரோக் சேன் கிறிஸ்தோஃப். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம், எண்பது மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறை. அதில் தட்டுத் தட்டாக மனிதர் வாழ்ந்த ஐந்து அடுக்குகள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் மோதிக்கொண்ட மதப் போர்களின்போது 1588-இல் அதை இடித்துத் தள்ளினார்கள். விட்டம் செருகிய ஓட்டைகள் மட்டும் பாறையில் வரிசையாக மிச்சம் இருக்கின்றன.

நான் பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் இருக்கிறேன். இருபது வருடமாகியும் லூர்து தவிர வேறு எங்கும் போகவில்லை. கார் இல்லை. வர முடியுமா?
– யாழ்ப்பாணத்து வாசகர், பாரிஸ்

தாராளமாக வாருங்கள், அண்ணை. லேஸேஸிக்கு ரயில் நிலையமே இருக்கிறது. ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ஏறி லிமோஜ், அங்கே மாறிப் பெரிகே, மறுபடி மாறினால் அழான் போகும் சின்ன ரயில் உங்களை எங்கள் ஊரில் இறக்கிவிடும். பெரிகேயிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள்தான். ஆனால் நாளைக்குச் சில ரயில்கள்தான் உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நிலைய வாசலில் உட்கார்ந்து அணில் எண்ண வேண்டியதுதான். திரும்பும் ரயிலின் நேரத்தைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பள்ளத்தாக்கில் கைப்பேசிக்குச் சிக்னல் வரும் இடத்தைவிட வராத இடம் அதிகம்.

ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடை கிடையாது. மற்ற நாட்களிலும் பன்னிரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கினால் இரண்டு மணி வரை திறக்க மாட்டார்கள். கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். நான் கெஞ்சிப் பார்த்தவன்.

நாங்கள் சைவம். அங்கே சாப்பிட ஏதாவது கிடைக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பெரிகோர் என்னும் இந்த வட்டாரத்துக்கு வாத்துதான் தாய்ப்பால். வாத்து இறைச்சி, வாத்து ஈரல், வாத்துக் கொழுப்பு. உங்களை ஏமாற்றப் போவது உருளைக்கிழங்கு. பூண்டும் பார்ஸ்லியும் தூவி, பொன்னிறமாக, வாசம் தூக்கும். சர்லா உருளைக்கிழங்கு என்பார்கள். ‘கிழங்குதானே’ என்று எடுத்துப் போட்டுக்கொள்வீர்கள். வறுத்தது வாத்துக் கொழுப்பில். துரேன் என்ற பூண்டு ரசமும் அப்படித்தான். பார்த்தால் நம் வீட்டு ரசத்தின் தங்கை போலிருக்கும். தாளிப்பு வாத்துக் கொழுப்பு, மேலே முட்டை.

ஆனால் பட்டினி கிடக்க வேண்டாம். இந்த மண்ணின் வால்நட் பருப்பும், அதை ஆட்டி எடுத்த எண்ணெயும் இருக்கின்றன. கபெக்கு என்ற ஆட்டுப்பால் சீஸ், உள்ளங்கையில் பாதி அளவு. ரொட்டியைச் சுட்டு, அதன்மேல் இந்தச் சீஸை உருக்கி, கீரை இலைகளோடு வால்நட் எண்ணெய் விட்டுத் தருவார்கள். வாத்து வேண்டாம், பன்றித் துண்டு வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் பன்றித் துண்டு அதில் சேராது என்று நினைக்கிற சமையற்காரர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அடுப்புள்ள வாடகை அறை எடுத்துக்கொண்டால் நிம்மதி. புளியும் பெருங்காயமும் கொண்டுவாருங்கள், அரிசி இங்கே கிடைக்கும்.

குரோமேக்னன் மனிதன் உங்கள் ஊர்க்காரரா?
– பள்ளி மாணவர், நாகர்கோவில்

ஆமாம், தம்பி. 1868-இல் ரயில் பாதைக்கான வேலையில் மண் வெட்டும்போது ஒரு பாறை ஒதுக்கில் ஐந்து பேரின் எலும்புகள் கிடைத்தன. நம்மைப் போன்ற உடலமைப்புள்ள பனி யுக மனிதர்கள் அவர்கள். அந்த ஒதுக்கின் பெயர்தான் குரோ மாஞ்யோன், அதைத்தான் குரோமேக்னன் என்கிறோம். எலும்புகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஊருக்குப் பெயர் மட்டும் மிச்சம். எங்கள் ஊர்த் தொல்பழங்கால அருங்காட்சியகத்தின் மாடி முற்றத்தில் 1931-இல் வைத்த ஆதிமனிதன் சிலை ஒன்று பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிறது. செய்தவர் போல் தார்தே. வருகிறவர்கள் எல்லோரும் அதைக் குரோமேக்னன் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் நியாண்டர்தால் ஜாடை. நீ வந்தால் அந்தத் தவறைச் செய்யாதே.

அருங்காட்சியகத்தில் குழந்தைகளோடு ஒரு மணி நேரம்தான் இருக்க முடியும். எதைப் பார்ப்பது?
– வாசகர், சிங்கப்பூர்

கற்கோடரிகளை வேகமாகக் கடந்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பத்துக்கு மேல் பார்த்தால் பெரியவர்களுக்கே கொட்டாவி வரும். நேரே போய் லா மத்லேனில் கிடைத்த காட்டெருமையைப் பாருங்கள். பனிமான் கொம்பில் செதுக்கியது, குழந்தையின் கைக்குள் அடங்கும். தலையைப் பின்னால் திருப்பித் தன் விலாவை நக்கிக்கொண்டிருக்கிறது. கொம்புத் துண்டின் அகலம் போதாது, அதனால் தலையை உடம்பின் மேலேயே மடக்கியிருக்கிறார் செதுக்கியவர். பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனிக் கீறல். ஈயையோ பூச்சிக்கடியையோ நக்குகிற மாட்டைப் பார்த்திருக்கும் எந்தக் குழந்தைக்கும் விளக்கம் தேவையில்லை.

அதே லா மத்லேனில் ஒரு சிறு குழந்தையின் புதைகுழியும் கிடைத்தது. அதோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடற்சிப்பி மணிகள். கடல் இங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால். யாரோ அத்தனையையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கோத்திருக்கிறார்கள். இதைக் குழந்தைகளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இத்தனை ஆண்டில் அங்கே உங்களைக் கோபப்படுத்திய இடம் உண்டா?
– வாசகர், காரைக்கால்

உண்டு. ஊருக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தில் ‘மீன் ஒதுக்கு’ என்ற சிறு பாறை ஒதுக்கு.  அதன் விதானத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சால்மன் மீன் புடைப்பாகச் செதுக்கியிருப்பதை 1912-இல் கண்டுபிடித்தார்கள், சுமார் இருபத்தைந்தாயிரம் ஆண்டுப் பழமை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சால்மனுக்குக் கீழ்த்தாடை கொக்கிபோல் வளையுமே, அந்த வளைவு வரை செதுக்கியிருக்கிறார்கள். அதைச் சுற்றிச் சதுரமாக, துரப்பணம் போட்ட ஓட்டைகள் வரிசை. பெர்லினுக்கு விற்பதற்காகப் பெயர்த்தெடுக்கப் பார்த்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் தடுத்து, அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். எல்லோரும் மீனைப் பார்ப்பார்கள். நான் ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீனைச் செதுக்கியவர் கல்லை வைத்துக் கல்லைத் தேய்த்து எத்தனை நாள் வேலை செய்தாரோ. ஓட்டை போட்டவர்களுக்கு ஒரு சில நாள் போதுமாக இருந்திருக்கும்.

பாம்பு உண்டா?
– வாசகி, ஈரோடு

உண்டு, உங்களைவிட அதற்குத்தான் பயம் அதிகம். நீங்கள் பயப்பட வேண்டியது உண்ணிக்கு. புல்லிலும் புதரிலும் ஒட்டிக்கொள்ளும், கடித்தால் லைம் என்ற நோய் வரலாம். முழுக்கால் சட்டை போட்டு, அதைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்காலுக்குப் பின்னால், அக்குளில், காதுக்குப் பின்னால் தேடிப் பாருங்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வேட்டை நடக்கும். அப்போது நடப்பதாக இருந்தால் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போடுங்கள். பழுப்பு நிறச் சால்வை போர்த்திக்கொண்டு காட்டுக்குள் போகாதீர்கள்.

எழுபத்து நான்கு வயது அம்மாவை அழைத்துவர ஆசை. முழங்கால் வலி. நடைப் பயணம் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் என்ன செய்வார்?
– வாசகர், திருச்சி

எனக்கும் இப்போது முழங்கால் வலிதான், அதனால் இதற்கு நன்றாகவே பதில் சொல்வேன். ரோக் சேன் கிறிஸ்தோஃப் வேண்டாம், படிகள் கொன்றுவிடும். ஃபோன் த கோம் போகும் பாதை நானூறு மீட்டர் ஏற்றம். மெதுவாக ஏறலாம், ஆனால் குழுவோடு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மா பின்தங்கினால் அம்மாவுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

மேலே நகலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். அம்மாவை அங்கேதான் கூட்டிப்போங்கள். மோந்திஞாக்கில் உள்ள புதிய நகலுக்குள் சக்கர நாற்காலி போகும், தலை இடிக்காது, குனிய வேண்டாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். போன ஏப்ரலில் புதுச்சேரியிலிருந்து வந்த என் அக்காவை அழைத்துப் போனேன். பெரிய காளைகள் வரைந்த கூடத்தில் விட்டத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், இது நிஜம் இல்லையாமே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சரி, கால் வலிக்கவில்லை என்றாள்.

பிறகு சேன் லெயோனுக்கு வண்டியில் போய், தேவாலயத்துக்குப் பின்னால் ஆற்றோரப் புல்லில் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போங்கள். அங்கே பெஞ்சு குறைவு.